வெரிகோசீல் நுண்துளைச் சிகிச்சை: அரிய சிக்கல்களும் அவற்றை அடையாளம் காணும் முறையும்

சிகிச்சைக்கு முன் கையொப்பமிட வழங்கப்படும் ஒப்புதல் படிவத்தில் சிக்கல்களின் பட்டியல் ஒன்று இடம்பெற்றிருக்கும். பெரும்பாலோர் அதனை முழுமையாகப் படிக்காமலேயே ஒப்பமிடுகின்றனர். சிலர் அதனைக் கண்டு அஞ்சி, தேவையான சிகிச்சையையும் தள்ளிப்போடுகின்றனர். இவ்விரண்டும் நன்மை தருவன அல்ல. வெரிகோசீல் நோய்க்கு இன்று செய்யப்படும் நுண்துளைச் சிகிச்சைகள் பாதுகாப்பானவை. பெரும்பாலோர் அன்றோ மறுநாளோ இல்லம் திரும்புகின்றனர். ஆயினும் இல்லம் திரும்பிய பிறகு தோன்றும் சில அறிகுறிகளை முதலில் காண்பவர்கள் மருத்துவர்கள் அல்லர். நோயாளரும் அவர் இல்லத்தாருமே. ஆகவே அரிய சிக்கல்கள் எவ்வாறு உண்டாகின்றன, எந்த நாளில் எவ்வுருவில் வெளிப்படுகின்றன என்பதை அவர்கள் அறிந்திருத்தல் வேண்டும். இப்பாடத்தின் நோக்கம் அதுவே.

நோயின் இருப்பிடம்

விரைகளிலிருந்து குருதியைத் திருப்பி எடுத்துச் செல்லும் நுண்சிரைகள் விரைப்பையினுள் கொடிபோல் பின்னிக் கிடக்கின்றன. அவை மேல்நோக்கிச் சென்று ஒன்றிணைந்து விரைச்சிரை ஆகின்றன. இச்சிரையினுள் இருக்கும் சிறு அடைப்பிதழ்கள் குருதி கீழிறங்காமல் தடுக்கின்றன. அவை பழுதுற்றாலும், பிறப்பிலேயே இல்லாதிருந்தாலும் குருதி கீழ்நோக்கித் தேங்கும். நுண்சிரைகள் புடைத்து விரியும். இந்நிலையே வெரிகோசீல் எனப்படுகிறது. கால்களில் நரம்பு சுருட்டிக்கொள்வதாக மக்கள் கூறும் நிலையும் இதனைப் போன்றதே.

ஆண்களில் ஏறத்தாழ 15 விழுக்காட்டினருக்கு வெரிகோசீல் உள்ளது. குழந்தைப்பேறு தாமதமாவதால் ஆய்வு செய்துகொள்ளும் ஆண்களில் இவ்வளவு 35 முதல் 40 விழுக்காடு வரை உயர்கிறது. பெரும்பாலும் இது இடப்பக்கத்திலேயே தோன்றும். வலப்பக்க விரைச்சிரை கீழ்ப்பெருஞ்சிரையில் சாய்வாகச் சென்று சேர்கிறது. இடப்பக்கச் சிரையோ அதைவிட நீளமானது. இடது சிறுநீரகச் சிரையில் செங்கோணத்தில் முட்டிச் சேர்கிறது. எனவே அங்கு அழுத்தம் மிகுதி. வலப்பக்கத்தில் மட்டும் வெரிகோசீல் தோன்றினாலோ, திடீரெனத் தோன்றினாலோ, படுத்த நிலையிலும் புடைப்பு வற்றாதிருந்தாலோ வயிற்றின் பின்புறத்திலும் சிறுநீரகத்திலும் கட்டி ஏதும் உள்ளதா என்று மருத்துவர் ஆராய்வார்.

வெரிகோசீல் உள்ள அனைவருக்கும் சிகிச்சை தேவையில்லை. தொடர்ந்த வலி, விந்தணுக்களின் குறைபாட்டுடன் கூடிய குழந்தைப்பேற்றுத் தாமதம், வளரிளம் பருவத்தில் விரையின் வளர்ச்சி குன்றுதல் ஆகியவையே சிகிச்சைக்கான முதன்மைக் காரணங்கள்.

மூன்று சிகிச்சை முறைகள்

எம்முறையாயினும் நோக்கம் ஒன்றே: பழுதுற்ற சிரையின் வழியை அடைத்து, குருதியை வேறு நல்ல சிரைகள் வழியே திரும்பச் செய்தல். அடைக்கும் இடமும் அங்கு சென்றடையும் வழியும் மட்டுமே வேறுபடுகின்றன.

முதலாவது எம்போலைசேஷன். கழுத்திலோ தொடையிடுக்கிலோ உள்ள சிரையில், மரத்துப்போகும் ஊசியிட்டு, மெல்லிய குழாய் ஒன்று நுழைக்கப்படுகிறது. எக்ஸ் கதிர்த் திரையைப் பார்த்தவாறே அக்குழாயை இடது சிறுநீரகச் சிரை வழியாக விரைச்சிரைக்குள் செலுத்தி, உலோகச் சுருள்களாலோ, சிரையின் உட்சுவரை ஒட்டவைக்கும் மருந்தாலோ, மருத்துவப் பசையாலோ வழியை அடைப்பர். இம்முறை 1970களின் பிற்பகுதியிலிருந்து வழக்கில் உள்ளது.

இரண்டாவது லேப்ராஸ்கோப்பி. முழு மயக்கம் அளித்து, வயிற்றில் சிறு துளைகள் இட்டு, கரியமில வாயுவால் வயிற்றறையை விரித்து, உள்நோக்கிக் கருவியின் துணையுடன் விரைச்சிரையைக் கிளிப் இட்டு மூடுவர்.

மூன்றாவது நுண்ணோக்கி அறுவை. தொடையிடுக்கின் அருகே இரண்டு அல்லது மூன்று சென்டிமீட்டர் அளவே கீறி, அறுவை நுண்ணோக்கியில் பார்த்தவாறு, தமனியையும் நிணநீர் நாளங்களையும் விட்டுவிட்டுப் புடைத்த சிரைகளை மட்டும் ஒவ்வொன்றாகக் கட்டுவர். 1985ஆம் ஆண்டு மார்மரும் 1992ஆம் ஆண்டு கோல்ட்ஸ்டைனும் தத்தம் குழுவினருடன் வெளியிட்ட ஆய்வுகளுக்குப் பின் இம்முறை பரவலாயிற்று.

முதலில் இயல்பானவற்றை அறிவோம்

சிக்கலை அடையாளம் காண, எது சிக்கல் அன்று என்பது முதலில் தெரிந்திருத்தல் நலம். துளையிட்ட இடத்தில் சிறு கன்றலும் நீலம் பாரித்தலும், சில நாட்களுக்கு இடுப்பிலோ முதுகின் கீழ்ப்புறத்திலோ மந்தமான வலியும், முதல் ஓரிரு நாட்களில் இலேசான காய்ச்சலும் எம்போலைசேஷனுக்குப் பிறகு இயல்பானவை. லேப்ராஸ்கோப்பிக்குப் பின் சிலருக்குத் தோள்பட்டை வலிக்கும். வயிற்றில் செய்த சிகிச்சைக்குத் தோள் ஏன் வலிக்கிறது என்று பலரும் திகைப்பர். வயிற்றறையில் நிரப்பிய வாயு உதரவிதானத்தை உறுத்துகிறது. அவ்வுறுத்தலைத் தோளுக்குரிய நரம்புகள் வலியாக உணர்த்துகின்றன. இரண்டு மூன்று நாட்களில் அது தானே நீங்கும். வாயுவின் ஒரு பகுதி விரைப்பையில் இறங்கி, தொட்டால் நறநறவென்று உணரச் செய்வதும் உண்டு. இதுவும் தானே வற்றும்.

விரைப்பையில் தெரியும் சிரைப் புடைப்பு உடனே மறையாததும் சிக்கல் அன்று. வழி அடைபட்டபின் அது வாரக்கணக்கில் சிறிது சிறிதாகச் சுருங்கும்.

இயல்பான வலி நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வரும். குறைந்த வலி மீண்டும் கூடினாலும், புதிய அறிகுறி ஒன்று அதனுடன் சேர்ந்தாலும் அது ஆராயத்தக்கது. இவ்வொரு விதியை மட்டும் இல்லத்தார் மனத்தில் இருத்தினாலே பெரும் பயன் விளையும்.

எம்போலைசேஷனின் அரிய சிக்கல்கள்

சிரையை ஓர் ஆறாகவும் அடைக்கும் பொருளை அதில் இடும் அணையாகவும் எண்ணிக் கொள்வோம். அணை இருக்க வேண்டிய இடத்தில் இருக்கும் வரை இடரில்லை. அது மேலே நகர்ந்தாலோ, கீழே இறங்கினாலோ, பக்கக் கால்வாயில் புகுந்தாலோ, கரை உடைந்தாலோ சிக்கல் உண்டாகிறது. அரிய சிக்கல்களில் பெரும்பாலானவை இந்நான்கினுள் அடங்கும்.

அ. மேலே நகர்தல். விரைச்சிரையிலிருந்து வெளியேறும் எதுவும் சிறுநீரகச் சிரை, கீழ்ப்பெருஞ்சிரை, இதயத்தின் வலப்பக்கம் ஆகியவற்றைக் கடந்து நுரையீரலை அடையும். சிரையின் அகலத்தைவிடச் சிறிய சுருளைப் பொருத்தினாலோ, சிறுநீரகச் சிரைக்கு மிக அருகில் அதனை வைத்தாலோ அது நழுவக் கூடும். இதனைத் தவிர்க்கவே சிரையின் விட்டத்தைவிடச் சற்றுப் பெரிய சுருளைத் தேர்ந்தெடுக்கின்றனர். நழுவல் பெரும்பாலும் சிகிச்சை மேசையிலேயே திரையில் தெரிந்துவிடும். வந்த வழியே கண்ணிக் கம்பி ஒன்றைச் செலுத்திச் சுருளைப் பிடித்து வெளியே எடுக்க இயலும். நுரையீரலின் ஓரத்துச் சிறு கிளையில் அது தங்கி, தொல்லை ஏதும் தராதிருந்தால், எடுக்காமல் கண்காணிப்பதும் உண்டு. மருத்துவப் பசையின் துணுக்குகளும் இவ்வாறே நுரையீரலை அடையக் கூடும். பசை, குருதியைத் தொட்டவுடன் இறுகும் தன்மையது. ஆதலால் குழாயின் முனை சிரையில் ஒட்டிக்கொள்ளும் இடரும் மிக அரிதாக உண்டு.

இல்லம் திரும்பியபின் திடீர் மூச்சுத்திணறல், மூச்சை இழுக்கும்போது குத்தும் நெஞ்சுவலி, இருமலில் குருதி, மயக்கம் ஆகியவற்றுள் எது தோன்றினும் நெருக்கடி நிலை எனக் கொள்ளுதல் வேண்டும். சுருள் நழுவாத நிலையிலும், காலின் ஆழ்சிரையில் உறைந்த குருதிக்கட்டி நுரையீரலுக்குச் சென்று இதே அறிகுறிகளைத் தோற்றுவிக்கலாம். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தல் அதன் முன்னறிகுறி.

ஆ. கீழே இறங்குதல். சிரையை ஒட்டவைக்கும் மருந்து விரைப்பைச் சிரைகளை அடைந்தால் அவை அழற்சியுற்று உள்ளே குருதி உறையும். எனவே மருந்தைச் செலுத்தும் வேளையில் தொடையிடுக்கில் விரலாலோ கருவியாலோ அழுத்திப் பிடிப்பர். அவ்வழுத்தம் நோயாளருக்குச் சற்று அசௌகரியமாக இருப்பினும் அதன் காரணம் இதுவே. இவ்வழற்சி நூற்றில் சிலருக்கே ஏற்படுகிறது. சில நாட்களில் விரைக்கு மேலே கயிறு திரண்டாற்போன்ற கெட்டித்தன்மையும், தொட்டால் வலியும், இலேசான காய்ச்சலும் தோன்றும். அழற்சியைத் தணிக்கும் மாத்திரைகளாலும், விரைப்பையைத் தாங்கும் இறுக்கமான உள்ளாடையாலும், ஓய்வாலும் பெரும்பாலும் குணமாகும். மிக அரிதாக, சிரைகள் முற்றிலும் உறைந்து விரைக்குக் குருதியோட்டம் தடைபடக் கூடும். இவ்விரண்டையும் வீட்டிலிருந்து பிரித்தறிய இயலாது. டாப்ளர் ஸ்கேன் மட்டுமே பிரித்துக் காட்டும்.

இ. பக்கக் கால்வாயில் புகுதல். விரைச்சிரை தனித்து ஓடுவதன்று. சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்குச் செல்லும் குழாயைச் சுற்றியும், பெருங்குடலின் அருகிலும் உள்ள நுண்சிரைகளோடு அதற்குத் தொடர்பு உண்டு. மருந்து அவ்வழியே கசிந்தால், மிக அரிதாக, அச்சிறுநீர் வழியைச் சுற்றி அழற்சியும் தழும்பும் ஏற்பட்டுச் சிறுநீர் இறங்குவது தடைபடலாம். விலாவின் பின்புறத்திலிருந்து தொடையிடுக்கு நோக்கிப் படரும் வலி வாரங்கள் கடந்த பின்னும் தோன்றினால், அண்மையில் எம்போலைசேஷன் செய்துகொண்ட செய்தியைப் பார்க்கும் மருத்துவரிடம் தவறாது கூறுக.

ஈ. கரை உடைதல். வழிகாட்டும் கம்பி சிரையின் மெல்லிய சுவரைத் துளைத்துவிடுதல் உண்டு. சிரையினுள் அழுத்தம் குறைவு ஆதலால் கசிவு பெரும்பாலும் தானே நின்றுவிடும். சில வேளைகளில் சிகிச்சையை நிறுத்திவிட்டு வேறொரு நாளில் தொடர்வர். கசிவு நில்லாமல் வயிற்றின் பின்புறத்தில் குருதி சேர்வது அரிதினும் அரிது. கூடிக்கொண்டே செல்லும் முதுகுவலி, எழுந்தால் தலைசுற்றல், வெளிறிய முகம், விரைந்த நாடி ஆகியவை அதன் அறிகுறிகள்.

இவற்றோடு, சிரையைத் திரையில் காட்டச் செலுத்தும் அயோடின் கலந்த மருந்தின் ஒவ்வாமையையும் சேர்த்தெண்ண வேண்டும். தடிப்பு, முகவீக்கம், மூச்சிறுக்கம் ஆகியவை பெரும்பாலும் முதல் ஒரு மணி நேரத்திற்குள், மருத்துவமனையில் இருக்கும்போதே தோன்றும். தோல்தடிப்பு மட்டும் சில நாட்கள் கழித்தும் வரலாம். முன்னர் சி.டி. ஸ்கேன் எடுத்தபோது ஒவ்வாமை ஏற்பட்டிருந்தாலும், சிறுநீரக நோயோ தைராய்டு நோயோ இருந்தாலும், நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் மாத்திரை உட்கொண்டாலும் அதனை முன்கூட்டியே தெரிவித்தல் கடமை.

விரைப்பையில் சிறு கீறல் இட்டு, அங்குள்ள சிரை வழியே மேல்நோக்கி மருந்தைச் செலுத்தும் முறை ஒன்றும் உண்டு. குழாய் வழி முறையில் தமனிக்கு நேரடி இடர் மிகக் குறைவு. இம்முறையிலோ மருந்து தவறுதலாகத் தமனியில் புகுந்தால் விரை சுருங்கிவிடும் இடர் உள்ளது. தமக்குச் செய்யப்படவிருப்பது எம்முறை என்பதைத் தெளிவாகக் கேட்டறிதல் இதனால் தேவையாகிறது.

லேப்ராஸ்கோப்பியின் அரிய சிக்கல்கள்

இங்கு வழி வயிற்றறையின் ஊடாகச் செல்வதால், அவ்வழியில் உள்ள உறுப்புகளே இடருக்கு உள்ளாகின்றன. குடலிலோ பெரிய குருதி நாளத்திலோ கருவி படுதல் மிக அரிது. எனினும் குடற்காயம் உடனே வெளிப்படாமல் சில நாட்கள் கழித்து வெளிப்படலாம் என்பதால் தனித்த கவனம் தேவை. இரண்டாம் மூன்றாம் நாளில் வயிற்றுவலி குறைவதற்கு மாறாகக் கூடுதல், வயிறு கல்போல் விறைத்தல், வாந்தி, காய்ச்சல், காற்றும் மலமும் பிரியாமை ஆகியவற்றை வாயுத்தொல்லை என்று எண்ணிக் கைமருந்து கொடுத்துக் காத்திருத்தல் ஆகாது.

விரைச்சிரையின் அருகில் தொடைக்குச் செல்லும் மெல்லிய நரம்பு ஒன்றும் உள்ளது. அது காயமுற்றாலோ நசுங்கினாலோ தொடையின் முன்புற மேற்பகுதி மரத்தாற்போல் இருக்கும். பெரும்பாலோருக்கு மாதக்கணக்கில் இவ்வுணர்ச்சி திரும்புகிறது. நடக்கும் ஆற்றல் இதனால் குன்றாது.

நிணநீர் நாளங்களும் சிரையோடு சேர்த்துக் கட்டப்பட்டால், வடிய வேண்டிய நீர் விரையைச் சுற்றித் தேங்கி, ஹைட்ரோசீல் எனப்படும் வீக்கத்தை உண்டாக்கும். இது மெல்லத் தோன்றுவது. மாதங்கள் கழித்தே கண்ணுக்குத் தெரியும். வலி பெரும்பாலும் இராது. வெரிகோசீல் மீண்டும் வந்துவிட்டதென நோயாளர் மனம் தளர்வதுண்டு. இரண்டும் வெவ்வேறு. முன்னது நீர் நிறைந்த பை போன்று இருக்கும். பின்னது நெளியும் சிரைத்திரள். நிணநீர் நாளங்களைப் பிரித்து விட்டுவிடும் முறைகளால் இது பெரிதும் குறைந்துள்ளது. எம்போலைசேஷனில் சிரையின் உட்புறம் மட்டுமே அடைபடுவதால் ஹைட்ரோசீல் தோன்றுவது அரிது.

நுண்ணோக்கி அறுவையின் அரிய சிக்கல்கள்

நுண்ணோக்கியின் உருப்பெருக்கத்தில் நிணநீர் நாளங்கள் தெளிவாகத் தெரிவதால் ஹைட்ரோசீல் நூற்றில் ஒருவருக்கும் குறைவாகவே ஏற்படுகிறது. கீறிய இடத்திலோ விரைப்பையிலோ குருதி கட்டுதல், புண்ணில் சீழ் பிடித்தல், தொடையிடுக்கில் மரத்தல், நெடுநாள் வலி ஆகியவை சிலருக்கு ஏற்படலாம். விந்தணுக்களைச் சுமக்கும் விந்துநாளம் காயமுறுதல் மிக மிக அரிது. சில மணி நேரத்தில் விரைப்பை கருநீலமாகிப் பந்துபோல் வீங்கினால், உள்ளே குருதி வடிகிறது என்று பொருள். உடனே மருத்துவமனைக்கு வருதல் வேண்டும்.

விரை சுருங்குமா?

நோயாளர் வாய்விட்டுக் கேட்கத் தயங்கும் வினா இது. விரைக்கு உணவூட்டும் தமனி சேதமுற்றால் விரை சுருங்கும் என்ற அச்சம் பொருளற்றதன்று. ஆயினும் அந்நிகழ்வு அரிது. இயற்கை விரைக்கு ஒரே தமனியை மட்டும் அளிக்கவில்லை. விரைத்தமனியுடன், விந்துநாளத்தை ஒட்டி வரும் தமனி ஒன்றும், விரையைத் தாங்கும் தசையின் தமனி ஒன்றும் துணை நிற்கின்றன. 1949ஆம் ஆண்டு பலோமோ அறிவித்த அறுவை முறையில் சிரையுடன் விரைத்தமனியும் சேர்த்தே கட்டப்பட்டது. அவ்வாறு கட்டியும் பெரும்பாலோரின் விரைகள் நலமுடன் இருந்தன. இருப்பினும் முன்னர்க் குடலிறக்க அறுவையோ, விந்துநாளத்தை வெட்டும் குடும்பக் கட்டுப்பாட்டு அறுவையோ செய்துகொண்டவர்களுக்கு அத்துணைத் தமனிகள் முன்பே பழுதுபட்டிருக்கலாம். ஆகவே பழைய அறுவைகள் அனைத்தையும், எத்தனை ஆண்டுகள் கடந்திருந்தாலும், கூறிவிடுதல் வேண்டும்.

நோய் மீண்டும் தோன்றுதலையும் பலர் சிக்கல் எனக் கருதுகின்றனர். நுண்ணோக்கி அறுவைக்குப் பின் ஏறத்தாழ நூற்றில் ஒருவர் முதல் நால்வருக்கும், லேப்ராஸ்கோப்பிக்குப் பின் மூவர் முதல் எழுவருக்கும், எம்போலைசேஷனுக்குப் பின் நால்வர் முதல் பதின்மருக்கும் அது திரும்புகிறது. எம்போலைசேஷனில், வலப்பக்கச் சிரையின் வாயைக் குழாயால் எட்ட முடியாமல் சிகிச்சை நிறைவுறாது போவதும் உண்டு. ஒரு முறை பயன் தராதபோது மற்றொரு முறையை மேற்கொள்ளலாம்.

நாள்வாரியான கவனிப்பு

முதல் நாள்: துளையிட்ட இடத்தில் குருதி கசிந்தால் தூய துணியால் பத்து நிமிடம் விடாது அழுத்திப் பிடிக்கவும். நில்லாவிடின் மருத்துவமனைக்கு வரவும். மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, மயக்கம், முகவீக்கம் இவற்றுள் ஒன்று தோன்றினும் காத்திராமல், தமிழ்நாட்டில் உள்ளோர் 108 எண்ணை அழைக்கவும்.

2 முதல் 7 நாட்கள்: வெப்பமானியால் நாள்தோறும் இருமுறை காய்ச்சலை அளந்து எழுதி வைக்கவும். 38 டிகிரி செல்சியசுக்கு, அதாவது 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் இருந்தாலோ, குளிர்நடுக்கம் வந்தாலோ, வயிற்றுவலி கூடினாலோ, விரைப்பை சிவந்து வெம்மையுற்றாலோ அன்றே தெரிவிக்கவும்.

இக்காலத்தில் தவிர்க்க வேண்டியவையும் சில உண்டு. வீக்கம் தணியட்டும் என்று விரைப்பைக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்தலும், எண்ணெயிட்டு நீவுதலும் கூடா. வெப்பம் விரைக்கு ஒவ்வாதது. நீவுதல் உறைந்த குருதியைக் கலைக்கக் கூடும். துணியில் சுற்றிய பனிக்கட்டியைச் சில நிமிடங்கள் வைக்கலாம். தண்ணீர்க் குடம், எரிவாயு உருளை, அரிசி மூட்டை போன்ற பளுவைத் தூக்குதலும், நெடுந்தொலைவு இருசக்கர வண்டி ஓட்டுதலும் மருத்துவர் இசையும்வரை வேண்டா. மலச்சிக்கலால் முக்கினாலும் சிரையில் அழுத்தம் கூடும்; ஆதலால் கீரை, பழம், போதிய நீர் ஆகியவற்றை உட்கொள்ளவும்.

ஒரு மாதத்திற்குப் பின்: வலியற்ற வீக்கம், விரை சிறுத்தல், விலாவலி ஆகியவற்றைக் கவனிக்கவும். விந்தணு உருவாக ஏறத்தாழ 74 நாட்கள் ஆகின்றன. எனவே மூன்று மாதங்களுக்கு முன் செய்யும் விந்துப் பரிசோதனை சிகிச்சையின் பயனைக் காட்டாது. முதல் மாத முடிவைக் கண்டு சிகிச்சை தோற்றுவிட்டதென முடிவுகட்டுதல் தவறு.

எந்த நாளாயினும்: திடீரென்று தாங்கவொணா விரைவலி தோன்றி, வாந்தியும் சேர்ந்தால், அதனைச் சிகிச்சையின் பின்விளைவு என்று எண்ணிப் பொறுத்திருத்தல் கூடாது. சிகிச்சையோடு தொடர்பில்லாமலே விரை முறுக்கிக்கொள்ளும் நிலை எவருக்கும் நேரலாம். அதில் ஏறத்தாழ ஆறு மணி நேரத்திற்குள் முறுக்கைச் சரிசெய்தால்தான் விரையைக் காக்கும் வாய்ப்பு மிகுதி.

கூச்சம் என்னும் தடை

மேற்கூறிய சிக்கல்களில் பலவற்றுக்கு மருத்துவத்தில் தீர்வு உண்டு. ஆனால் தீர்வு, நேரத்தைச் சார்ந்தது. இந்நோய்க்குச் சிகிச்சை பெறுவோரில் பலர் பதின்பருவத்தினரும் இளைஞரும் ஆவர். விரைப்பை வீங்கியிருப்பதைத் தாயிடம் சொல்ல மகன் நாணுகிறான். தந்தையிடம் சொல்ல அஞ்சுகிறான். புதிதாக மணமானவர் மனைவியிடமும் மறைக்கிறார். செவிலியர் தொலைபேசியில் நலம் வினவும்போதும், அருகில் பிறர் இருந்தால் எல்லாம் நலமே என்று கூறிவிடுகின்றனர். இவ்வாறு ஓரிரு நாட்கள் கழிவதே அரிய சிக்கலைக் கொடிய சிக்கலாக மாற்றுகிறது.

இல்லத்தார் செய்யத்தக்கது எளிது. நோயாளர் தயக்கமின்றிப் பேசக்கூடிய ஒருவரை, அண்ணனையோ, மாமனையோ, மனைவியையோ, நண்பரையோ, சிகிச்சைக்கு முன்பே தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள். மருத்துவர் விளக்கம் தரும்போது அவரும் உடனிருக்கட்டும். வீங்கியிருக்கிறதா, வலி நேற்றைவிடக் கூடுதலா குறைவா, காய்ச்சல் உண்டா என்னும் மூன்று வினாக்களை முதல் வாரத்தில் நாள்தோறும் அவர் கேட்கட்டும். வளரிளம் பருவத்தினரைக் குழந்தைப்பேறு பற்றிய பேச்சால் அச்சுறுத்த வேண்டா. வெரிகோசீல் இருந்தும் தந்தையானவர்கள் மிகப் பலர்.

சிகிச்சைக்கு முன் கேட்கத்தக்கவை

1. எனக்குச் சிகிச்சை தேவை என்பதற்கு உரிய காரணம் யாது? காத்திருந்தால் என்ன ஆகும்?
2. எம்முறை எனக்குப் பொருந்தும்? மற்ற முறைகள் ஏன் பொருந்தவில்லை?
3. சுருள் பொருத்தப்படுமாயின் அதன் பெயரும் உலோகமும் குறித்த அட்டை தரப்படுமா? பின்னாளில் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கும்போது அவ்வட்டையைக் காட்டுதல் வேண்டும்.
4. உலோக ஒவ்வாமை, மருந்து ஒவ்வாமை, நான் உட்கொள்ளும் குருதி உறையாமைக்கான மாத்திரைகள் ஆகியவை குறித்து என்ன செய்ய வேண்டும்?
5. இரவிலும் விடுமுறையிலும் நான் அழைக்க வேண்டிய எண் எது?

மீள்பார்வை

வினா: ஐந்தாம் நாளில் விரைக்கு மேலே கயிறுபோல் கெட்டியாகி வலிக்கிறது, இலேசான காய்ச்சலும் உள்ளது. என்ன செய்வது?
விடை: பெரும்பாலும் இது சிரை அழற்சி; எளிதில் குணமாகும். ஆயினும் அன்றே தெரிவித்து, டாப்ளர் ஸ்கேன் தேவையா எனக் கேட்கவும்.

வினா: லேப்ராஸ்கோப்பி முடிந்த மறுநாள் தோள் வலிக்கிறது, மூச்சு இயல்பாக உள்ளது. அஞ்ச வேண்டுமா?
விடை: வேண்டா. அது வாயுவால் வந்த வலி. மூச்சுத்திணறலும் நெஞ்சுவலியும் சேர்ந்தால் மட்டும் நெருக்கடி.

வினா: எட்டு மாதங்களுக்குப் பின் வலியின்றி விரைப்பை பெருத்துள்ளது. நோய் திரும்பிவிட்டதா?
விடை: ஹைட்ரோசீலாகவும் இருக்கலாம். நேரில் பரிசோதித்தே கூற இயலும். அவசரமில்லை; ஆனால் தள்ளிப்போடவும் வேண்டா.

அரியது என்னும் சொல்லுக்கு நிகழாதது என்பது பொருள் அன்று. பலருள் சிலருக்கு நிகழ்வது என்பதே பொருள். அச்சிலருள் ஒருவராக நேர்ந்தாலும், அறிகுறியை உரிய நாளில் கண்டு உரியவரிடம் சொன்னால் பெரும்பாலும் முழு நலம் பெறலாம். இப்பக்கத்தை எடுத்து, சிகிச்சைச் சீட்டோடு சேர்த்து, முதல் மூன்று மாதங்களேனும் வைத்திருக்குமாறு வேண்டுகிறோம்.